அண்ணன் பதிவேட்டில் எழுதிய வரி

அண்ணன் கடற்படையிலிருந்து நீக்கப்பட்டு ஆரணிக்குத் திரும்பி வந்தபோது அவருக்கு நாற்பத்தோரு வயது. வைகாசி மாதத்து வெயில். சென்னை பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு கறுப்பு இரும்புப் பெட்டியும் தோளில் ஒரு பையுமாக ஆட்டோவில் வந்தார். அப்பா தறியில் இருந்தார். எனக்குக் கல்யாணம் ஆனது பக்கத்துத் தெருவிலேயே என்பதால், நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடம் லீவு விட்ட நாட்களிலெல்லாம் மத்தியானச் சாப்பாடு அப்பாவோடுதான். அன்றும் அங்கேதான் இருந்தேன்.

"லீவாடா?" என்று அப்பா தறிக்குழியிலிருந்தே கேட்டார்.

"ஆமா நைனா. இந்தத் தபா கொஞ்சம் பெரிய லீவு" என்றார் அண்ணன்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் தலையை ஆட்டிவிட்டு ஊடை நூல் ஓடும் நாடாவைத் திரும்ப வீசினார். அண்ணன் பெட்டியை உள்ளறைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு, முகம் கழுவி வந்து என்னோடு சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு கை சோறுதான் இறங்கியது. அண்ணியும் பெண்ணும் ஏன் வரவில்லை என்று கேட்டேன். பெண்ணுக்கு விசாகப்பட்டினத்தில் ஸ்கூல் இருக்கிறதே என்றார். அது மே மாதம் என்பது எனக்கு அவர் கை கழுவப் போன பிறகுதான் உறைத்தது.

எங்கள் தெருவில் அதற்கு முன்னால் யாரும் அதிகாரி ஆனதில்லை. தறிக்குப் போனார்கள், ரைஸ் மில்லுக்குப் போனார்கள், கொஞ்சம் படித்தவர்கள் வாத்தியார் வேலைக்கோ வங்கிக்கோ போனார்கள். கடல் எங்களுக்கு எந்த வகையிலும் சம்பந்தமில்லாத ஒன்று. எங்கள் ஆற்றில் மழைக்காலத்தில் சில நாட்கள் தண்ணீர் ஓடினாலே பாலத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். அண்ணன் நீச்சல் கற்றது சேவூர்ப் பக்கம் ஒரு பம்ப்செட் கிணற்றில். பதினாறு வயதில், புடவைகளைக் கடையில் சேர்க்கச் சென்னைக்குப் போன அப்பாவோடு போய் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார். அன்றைக்குத் தூரத்தில் ஐந்து கப்பல்கள் நின்றனவாம். அவை எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கின்றன, ஏன் எல்லாம் ஒரே பக்கமாக நிற்கின்றன என்று கேட்டு அப்பாவை உயிரெடுத்தாராம். அப்பாவுக்கு என்ன தெரியும்? "காத்து அப்பிடி அடிக்குது போல" என்று ஏதோ சொல்லி வைத்திருக்கிறார். அது சரியான பதில் என்று பயிற்சிக்குப் போன பிறகு அண்ணன் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

பயிற்சி முடிந்த அணிவகுப்புக்கு அம்மாவும் அப்பாவும் கேரளத்துக்குப் போய் வந்தார்கள். அம்மா அதற்கு அடுத்த வருஷம் காமாலையில் இறந்துபோனாள். அண்ணன் வெள்ளை உடுப்பில் ஊருக்கு வந்த அன்று தெருமுனையில் பேனர் கட்டியிருந்தார்கள். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் மாலை போட்டார்கள். பிறகு ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் ஒரு பேனர். கடைசிப் பேனர், ஒரு சிறிய ரோந்துக் கப்பலுக்கு அவர் தலைவரானபோது கட்டியது. அதில் அவர் படத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெரிய வெளிநாட்டுச் சுற்றுலாக் கப்பலின் படத்தைப் போட்டிருந்தார்கள். அண்ணன் அதைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

வந்த மூன்றாம் நாள் அவரே சொன்னார். அப்பா காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"நைனா, என்னை வேலையை உட்டு எடுத்துட்டாங்க."

அவர் சொன்ன கதை இது. ஒரு விடியற்காலை, கடும் மழையில், அவர் கப்பல் ஒரு மீன்பிடிப் படகின் மேல் மோதிவிட்டது. படகில் இருந்த நான்கு பேரில் மூன்று பேரைத் தூக்கிவிட்டார்கள். ஒருவர் செத்துப்போனார். அந்த நேரம் கப்பலைச் செலுத்தும் மேலறையில் பொறுப்பில் இருந்தவர் ஓர் இளம் அதிகாரி. மழையில் வழி தெரியாதபோது தலைவரைக் கூப்பிட வேண்டும் என்பது விதி. அவர் கூப்பிடவில்லை. படகில் விளக்கும் இல்லை. பிறகு நடந்த ராணுவ விசாரணையில், அந்த இளம் அதிகாரியும் சுக்கான் பிடித்த மாலுமியும் ஒன்று சேர்ந்து, கூப்பிட்டோம் என்று பொய் சொல்லிவிட்டார்கள். அதை மறைக்க அண்ணன் கப்பலின் பதிவேட்டைத் திருத்தியதாகத் தீர்ப்பாகிவிட்டது. பதவி போயிற்று, பென்ஷன் போயிற்று, பேருக்கு முன்னால் பதவியைப் போட்டுக்கொள்ளும் உரிமையும் போயிற்று.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "நீ கூப்பிட்டா போவாம இருக்கற ஆளா?" என்றார். அது ஒரு கேள்வி என்று அவர் நினைக்கவில்லை. அண்ணன் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறு வாரமே மனு எழுத ஆரம்பித்தோம். அப்பா சொல்லச் சொல்ல நான்தான் இங்கிலீஷில் டைப் செய்தேன். நான் கணக்கு டீச்சர். ஒன்றன்பின் ஒன்றாக நிரூபித்துக்கொண்டு போவது எனக்குக் கைவந்த வேலை. இளம் அதிகாரியின் பெயரை எழுதி, அவர் கடமை தவறியவர், பொய்சாட்சி சொன்னவர் என்று வரிசையாக எண் போட்டு எழுதினேன். டில்லிக்கு, சென்னைக்கு, கலெக்டர் ஆபீஸுக்கு. திங்கட்கிழமை மனு நாளில் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு காலை பஸ்ஸுக்குப் போய்விடுவார். நான்கு வருஷம் அப்படி. ஒவ்வொரு மனுவையும் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். "சரியா இருக்குதாடா?" என்று அப்பா கேட்பார். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சரியா இருக்கு நைனா" என்பார். அவமானம்தான் அவரை அதிகம் பேசவிடாமல் செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் அவரைக் கேப்டன் என்றே கூப்பிட்டது. முன்பும் அதே சொல்தான். இப்போது சொல்கிறவர்களின் வாய் ஓரம் கொஞ்சம் கோணிற்று. டீக்கடையில் ஒருவர், "இன்னா கேப்டன், கப்பல் கவுந்தா மாதிரி குந்திகினு கீறீங்க?" என்று கேட்டதற்குக் கடையே சிரித்ததாம். அதன் பிறகு அண்ணன் டீயை வீட்டிலேயே குடித்தார். அண்ணி போனில் பேசுவதும் குறைந்துகொண்டே வந்தது. பெண்ணின் பிறந்தநாளுக்கு அண்ணன் கூப்பிட்டால் அவள் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவாள்.

சும்மா இருந்தால் மனசு கெட்டுவிடும் என்று, நான் வேலை பார்த்த தனியார் பள்ளியில் சொல்லி அவரை வேன் ஓட்ட ஏற்பாடு செய்தேன். பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்திருந்தது. ஏழு நாற்பது என்றால் ஏழு நாற்பதுக்கு வேன் நிற்கும். ஆனால் மார்கழி வந்தது. சேவூர் ரோட்டில் இரண்டு பக்கமும் வயல். காலையில் பனி வெள்ளையாகப் படுத்துக் கிடக்கும். அண்ணன் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, இறங்கி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவார். பனி விலகினால்தான் எடுப்பார். பஸ்ஸும் பைக்கும் தாண்டித் தாண்டிப் போகும். பிள்ளைகள் முதல் பீரியடு முடிந்து வந்து சேர்வார்கள். பெற்றோர் பேஜாராகிப் புகார் கொடுத்தார்கள். தாளாளர் என்னைக் கூப்பிட்டு, "உங்க அண்ணன் பயந்துகினு ஓட்டறாருங்க, வேற யாரையாவது பாத்துக்கறோம்" என்றார். அன்று சாயந்திரம் அண்ணன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

"எல்லாரும் ஓட்டறாங்க, நீ மட்டும் இன்னாண்ணா?" என்று கேட்டேன்.

"எதிர்ல இன்னா வருதுன்னு தெரியலம்மா" என்றார். அவ்வளவுதான்.

அந்த இளம் அதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அண்ணன் வெளியே போயிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் தயங்கி நின்றார். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும், ஆனால் முன்தலை முழுக்க நரைத்திருந்தது. புடவை வாங்க வந்தவர் என்று நினைத்து உள்ளே வரச் சொன்னேன். உட்கார்ந்த பிறகுதான் பெயரைச் சொன்னார். நான்கு வருஷமாக என் விரல்கள் டைப் செய்த பெயர்.

"அக்கா, சண்டை போட வரல" என்றார். நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. "உங்க மனுவால மறுபடி விசாரணை வச்சிருக்காவ. ரெண்டு வருசமா என் பதவி உயர்வு நிக்கி. வீட்ல பொண்டாட்டி கேக்கா, நெசமாவே நீங்க கூப்பிடலயான்னு. அதான் வந்தேன். சார் உங்க கிட்ட என்ன சொன்னாவன்னு தெரிஞ்சுக்கணும்."

நான் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மூணு தடவ போன்ல கூப்பிட்டேன் அக்கா. சார் அறை நேர் கீழதான். முதல்ல, மழை வலுக்கு சார், வாங்கன்னு சொன்னேன். சரின்னாவ. ரெண்டாவது தடவ, ஒண்ணும் தெரியல சார்ன்னேன். பத்து நிமிசத்துல வாரேன்னாவ. மூணாவது, முன்னால ஒரு வெளிச்சம் தெரியுது, தூரம் புரியல, ரேடார்லயும் மழைதான் தெரியுதுன்னு சொன்னேன். பதிலே இல்ல. நான் வேகத்தக் குறைக்கச் சொல்லி முடிக்கதுக்குள்ள மோதிட்டு."

"வெளிச்சமா? படகுல விளக்கு இல்லன்னுதானே..."

"இருந்துச்சு அக்கா. நான் பாத்தேன். மோதின பொறவு சார் கிட்டயும் சொன்னேன். சார்தான் பதிவேட்டுல விளக்கு இல்லன்னு எழுதினாவ. கூப்பிட்டது நெசம்னு விசாரணைல ஏத்துக்கிட்டாவ. ஆனா விளக்கு பத்தின வரி மட்டும் அப்படியே நின்னு போச்சு. மழைல உனக்குத் தெரிஞ்சது வேற எதுவாச்சும் இருக்கும்னுட்டாவ. செத்தவரோட சம்சாரம் இன்னும் விளக்கு இருந்துச்சு, விளக்கு இருந்துச்சுன்னு சொல்லிட்டுக் கெடக்கு. ஒரு தடவ போய்ப் பாத்தேன். ரெண்டாவது தடவ போகத் தைரியம் இல்ல."

அப்போதுதான் கவனித்தேன். பின்கட்டில் தறிச் சத்தம் இல்லை. அப்பா எப்போது நிறுத்தினார் என்று தெரியவில்லை.

அந்த மனிதர் ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார். அப்பா எழுந்து வந்து வாசல் வரை போய் அவரைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் பதறிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

அண்ணன் ஐந்து மணிக்கு வந்தார். அப்பா முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேலை நாளில் அந்த நேரத்தில் அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வந்தவர் யார் என்று சொன்னேன். அண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"கூப்பிட்டாரா?" என்று கேட்டேன்.

"கூப்பிட்டாரு."

"மூணு தபாவா?"

"ரெண்டு தபா ஞாபகம் இருக்கு. மூணாவது தபா தூங்கிட்டேன் போல. அதுக்கு முன்ன ரெண்டு நாளா கண்ணு மூடல. புயல்ல காணாமப் போன ஒரு படகைத் தேடிகினு இருந்தோம். பத்து நிமிஷம் படுத்தா போதும்னு நெனச்சேன்."

"தூங்கிட்டேன்னு சொல்லியிருக்கலாமே அண்ணா. அது மனுஷன் பண்றதுதானே."

அவர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தார். "கப்பலை என்கிட்டருந்து எடுத்துடுவாங்கன்னு தெரிஞ்சுது. ஊர்ல பேனர்லாம் கட்டி வெச்சிருந்தாங்க. நீ எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருந்த நைனா. உன்னை நெனச்சுத்தான்..."

"என் மேல போடாதடா" என்றார் அப்பா.

குரலை உயர்த்தவில்லை. எழுந்து பின்கட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் அண்ணனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

நாங்கள் அதற்கெல்லாம் பழகிக்கொண்டோம் என்று சொன்னால் பொய். சாப்பாடு போட்டு, "வாங்க" என்று நான் பொதுவாகக் கூப்பிடுவேன். இரண்டு பேரும் வந்து உட்காருவார்கள். அப்பாவுக்கு மோர் வேண்டுமென்றால் என்னைப் பார்ப்பார். பாத்திரம் அண்ணன் பக்கத்தில் இருக்கும். அண்ணன் எடுத்து நீட்டுவார். அப்பா வாங்கிக்கொள்வார், நிமிர்ந்து பார்க்க மாட்டார். அந்த வாரமே அண்ணன் தன் கைப்பட இங்கிலீஷில் டில்லிக்கு ஆறு பக்கம் எழுதினார். கூப்பிட்டது, தூங்கியது, மோதிய பிறகு பதிவேட்டில் திருத்தியது, விளக்கு பற்றி எழுதியது, எல்லாம். டைப் செய்து தரட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். அதையே தமிழிலும் எழுதி அப்பாவின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் தபாலுக்குப் போனார். அப்பா அதைப் படித்தார். மூக்குக் கண்ணாடி அதன் மேல் இருந்ததை நான் பார்த்தேன்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு காலையில் அப்பா தறியில் சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக் கசிவு. வேலூருக்குக் கொண்டுபோனோம். பதினோரு நாள்தான் உயிரோடு இருந்தார். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. அண்ணன் அவர் பக்கத்தை விட்டு அசையவில்லை. துடைத்தார், திருப்பிப் படுக்க வைத்தார், காலைப் பிடித்துவிட்டார். அப்பா சில சமயம் அவரையே பார்த்துக்கொண்டிருப்பார். உதடு அசையும். என்ன சொல்ல வந்தார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. பேச்சு இருந்திருந்தால் பேசியிருப்பாரா என்பதும் தெரியாது. அண்ணன் ஒரு தடவை அவர் காதருகே குனிந்து, "நைனா, திட்டிடு. ஒரு தபா திட்டிடு" என்றார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

காரியமெல்லாம் முடிந்த பத்து நாளில் அந்த அதிகாரியிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. விசாரணையைக் கைவிட்டுவிட்டார்கள், பதவி உயர்வு வந்துவிட்டது, சாருக்கு நன்றி சொல்லுங்கள் என்று. நான் அதை அண்ணனிடம் காட்டினேன். படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"செத்துப்போனவரு குப்பத்துக்கு நான் போவணும். நீயும் வரியா?" என்றார்.

சென்னைக்கு வடக்கே, இரண்டு பஸ் மாறி, ஒரு ஷேர் ஆட்டோ பிடித்துப் போனோம். மத்தியானம் இரண்டு மணி. வலை பின்னும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு தகரம் போட்ட வீடு. செத்தவரின் மனைவி வாசலில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னை விட இளையவர். பக்கத்தில் ஓலை நிழலில் அவர் மாமியார் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அண்ணன் தான் யார் என்று சொன்னார். அந்தப் பெண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"விளக்கு இருந்துச்சா, இல்லியா? அத மட்டும் சொல்லு" என்றார்.

"இருந்துச்சும்மா. எங்க கப்பல்ல இருந்தவரு பாத்து எனக்குச் சொன்னாரு. இல்லன்னு எழுதினது நான்."

"நாந்தான்யா பேட்டரி போட்டுக் குட்தேன். புதுசு. பிரிச்சு நானே போட்டேன். ஆறு வருசமா இது இன்னா சொல்லிகினு கீது தெரியுமா?" என்று மாமியாரைக் காட்டினார். "பழச போட்டு எம் புள்ளய அனுப்பிட்டியேடின்னு. கெழவிக்குக் காது கேக்காது. அது காதுல உழற மாதிரி சத்தமா சொல்லு."

அண்ணன் அந்தக் கிழவியின் முன்னால் மணலில் மண்டி போட்டு உட்கார்ந்தார். முதலில் சொன்னது கேட்கவில்லை. கிழவி கையைக் காதில் வைத்துக்கொண்டு, "இன்னாது?" என்றார். அண்ணன் இன்னும் சத்தமாகச் சொன்னார். அப்போதும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை தொண்டை கிழியக் கத்தினார். "உங்க புள்ள படகுல விளக்கு எரிஞ்சுகினு இருந்துச்சும்மா! நான் பொய் எழுதிட்டேன்!" கொட்டகையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள்.

"எரிஞ்சுதா?" என்று கேட்டார் கிழவி.

"எரிஞ்சுதும்மா."

கிழவி மருமகளை நிமிர்ந்து பார்த்தார். கையை நீட்டினார். அந்தப் பெண் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. கருவாட்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். வந்தவர்களில் ஒருவர் அண்ணனின் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். இன்னொருவர் விலக்கிவிட்டார். அண்ணன் எதற்கும் கையை உயர்த்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமலே, "எய்திக் குட்த்துட்டு போ. கையெய்த்து போடு" என்றார். அண்ணன் என் பையிலிருந்த நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்து அவர் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்தார்.

திரும்பும் வழியெல்லாம் எனக்கு என் மனுக்கள் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தன. அவற்றில் மூன்றாவது எண் போட்ட வாக்கியம் எப்போதும் விளக்கு இல்லாத படகைப் பற்றியதுதான். எத்தனை தடவை டைப் செய்தேன் என்று தெரியாது. ஒரு தடவைகூட அந்தப் படகில் யாருடைய வீட்டுக்காரர் இருந்தார் என்று யோசித்ததில்லை.

அண்ணன் இப்போது ஆரணியில் ஒரு ரைஸ் மில்லில் நெல் வேக வைக்கும் பகுதியில் மேற்பார்வை பார்க்கிறார். கேப்டன் என்று யாராவது கூப்பிட்டால், "அதை எடுத்துட்டாங்கங்க, பேர் சொல்லியே கூப்புடுங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார். ஊருக்கு அதன் பிறகு அதில் சுவாரசியம் போய்விட்டது. அண்ணி வரவில்லை, இனி வருவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். டில்லிக்கு அனுப்பிய ஆறு பக்கங்களையும் தமிழில் எழுதி அவளுக்கு அனுப்பினார். தமிழ் அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். இங்கிலீஷிலேயே அனுப்பேன் என்று நான் சொன்னதற்கு, மெதுவாகப் படிக்கட்டும் என்றார்.

ஒரு மாதம் பதில் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து போனை நீட்டினார். "படிச்சேன்" என்று ஒரே ஒரு வார்த்தை வந்திருந்தது.

"வேற ஒண்ணும் போடலியே" என்றார். "இதுக்கு இன்னா அர்த்தம்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மில்லுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.